தால்சாவுக்கு ஒரு பூசணிக்காய்

அக்கா,

இன்று காலை துணி காயப்போட மாடிக்குப் போனேன். குப்பென்று கறி கழுவிய தண்ணீர் வாடை. எட்டிப் பார்த்தால், நம் இரண்டு மாடிகளுக்கும் நடுவே இருக்கிற இடுப்புயரச் சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் வீட்டு மாமா வாளியும் கையுமாக நிற்கிறார். உங்கள் ரோஜாத் தொட்டிகளுக்கு ஊற்றுகிறாராம். பிரியாணிக் கடை திறக்கப் போகிற அவசரத்தில் பாதி செடிக்கும் பாதி கைலிக்கும் போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீங்கள் போய் இன்னும் ஒரு வருடம் முடியவில்லை, அதற்குள் உங்களிடம் சொல்ல வேண்டியது மலையாகக் குவிந்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தத் தண்ணீரை என் ரோஜாவுக்கு ஒருநாளும் நீங்கள் ஊற்றியதில்லை. "உன் தொட்டிக்கு அரிசி கழுவுன தண்ணி, என் தொட்டிக்குக் கறி கழுவுன தண்ணி. ரோசாவுக்கு ஒண்ணும் தெரியாதுடி. ஆனா சாமிக்குப் பூப் பறிக்க வர்ற உன் மாமியாருக்கு மூக்கு இருக்குல்ல?" என்பீர்கள். என் மாமியார் இதைக் கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்து ரோஜா மட்டும் ஏன் இம்புட்டுப் பெரிசு என்று பெருமூச்சு விடுவார்.

உங்களுக்கு மாதத்துக்கு ஒரு சண்டை வேண்டும். சித்திரையில் வெயிலோடு மல்லுக்கு நிற்பீர்கள். பழைய துப்பட்டாக்களைக் கயிற்றில் கட்டி நிழல் செய்து, விடிந்ததும் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும், உச்சி வெயிலில் ஊற்றினால் வேர் வெந்துபோகும் என்று என்னை விரட்டுவீர்கள். ஆடிக் காற்றுக்குத் தொட்டிகள் எல்லாம் சுவரோரம் ஒதுங்கும். ஐப்பசி மழைக்குத் தொட்டிக்கு அடியில் செங்கல் ஏறும். கார்த்திகைக் கடைசியில் மட்டும் சண்டை என்னோடு. என் மல்லிகையைக் கவாத்து வெட்டக் கத்திரியோடு சுவர் தாண்டி வந்துவிடுவீர்கள். பச்சைப் பசேலென்று நிற்கிற செடியை வெட்ட எனக்கு மனசே வராது.

"பழனியில பிள்ளைக்கு மொட்ட போடயில பல்லக் காட்டிக்கிட்டு நின்ன. செடிக்கு முடி வெட்டுனா அழுகுறியாக்கும்? தள்ளு!"

பங்குனியில் அந்த மொட்டைச் செடி மொட்டாய்க் கொட்டும்போது நான்தான் தெருவெல்லாம் பெருமை அடித்துக்கொண்டு திரிவேன்.

ஆனால் நம் மாடியின் ராணி பூசணிக்கொடிதான். கடையில் பிரியாணி கிண்டி ஓட்டை விழுந்த பெரிய தேக்சாவை மாமா எடைக்குப் போடப் போக, நீங்கள் பிடுங்கி வந்து மண் நிரப்பினீர்களே, அதில் வளர்ந்த கொடி. எனக்கு மார்கழிக் கோலத்துக்குப் பூ. உங்களுக்கு, பிரியாணிக்கு ஊற்றிக்கொள்கிற பருப்புத் தால்சாவுக்குக் காய். "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்றாங்களே அக்கா" என்றால், "ஆடியில போட்டா மார்கழிக்குள்ள கொடி காஞ்சிரும். உன் கோலத்துக்குப் பூ வேணும்னா புரட்டாசிதான்" என்று தீர்ப்புச் சொன்னீர்கள்.

அந்த முதல் மார்கழியை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கச் சிரிக்கிறேன். காலைத் தொழுகையை முடித்துவிட்டு, எனக்காகப் பூப் பறித்துச் சுவர்மேல் வைப்பீர்கள். வெறும் காம்போடு இருக்கிற பூவைக் கொடுத்தால் கஞ்சத்தனம் என்று, அடியில் குட்டிக் குடம்போல உருண்டிருக்கிற பூவாகப் பார்த்துப் பார்த்துப் பறித்தீர்கள். சாமி காரியமாயிற்றே, நல்லதாகக் கொடுக்க வேண்டுமே! நானும் சாணி உருண்டையில் செருகிக் கோலத்தின் நடுவே வைப்பேன். சாயங்காலம் பூவோடு சேர்த்துத் தட்டி, வரட்டியாகச் சுவரில் அப்பிவிடுவேன். தை பிறந்தது. கொடி மாடி முழுக்கப் படர்ந்து கிடக்கிறது, ஒரு காய் இல்லை. மாமா கிண்டல் செய்ய, நீங்கள் விதையைத் திட்ட, ஒருநாள் மாடியிலிருந்து குனிந்து என் வீட்டுச் சுவரைப் பார்த்தீர்கள். ஒவ்வொரு வரட்டியிலும் ஒரு பிஞ்சு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"அடியே! என் தால்சா பூராவும் உன் சுவத்துல காயுதுடி!"

தெருவே வெளியில் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் நமக்கு ஆண் பூவும் பெண் பூவும் விளங்கியது. அதற்குப் பிறகு ஆண் பூ கோலத்துக்கு, பெண் பூவைத் தொடக்கூடாது. மழையில் தேனீ வராத நாளில் நீங்களே ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் மெல்லத் தடவுவீர்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. முடித்துவிட்டுச் சுவர்வழியாகக் கூவுவீர்கள்: "இன்னைக்கு ரெண்டு நிக்காஹ் முடிச்சாச்சுடி!"

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் உங்கள் பேச்சு கல்யாணம்தான். மகனுக்குத் தையில் நிக்காஹ் என்று பேசி முடித்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வலிமா விருந்துத் தால்சாவுல நம்ம மாடிக் காய் ஒண்ணாவது விழணும்டி. நீ பாத்துக்க" என்றீர்கள். நான் பூச்செடிக்காரி. காய் என் கைக்கு வந்ததே இல்லை. இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டேன். ஆனியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

புரட்டாசியில் உங்கள் தேக்சாவில் விதை போட்டேன். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்காமல் செங்கல்மேல் ஏற்றினேன். கார்த்திகையில் வந்த பெண் பூவெல்லாம் மழையில் மஞ்சளாகிப் பொத்துப் பொத்தென்று உதிர்ந்தது. உங்கள் மகன் கல்யாண வேலைக்கு நடுவிலும் மாடியேறி வந்து, "காய் பிடிச்சிருச்சா சின்னம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவான். எனக்குத் தூக்கம் போனது.

மார்கழி பிறந்த அன்று விடியற்காலையில் ஒரே ஒரு பெண் பூ விரிந்திருந்தது. ஆண் பூவும் அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான். கீழே மாமியார் கோலம் போட்டு முடித்துவிட்டுப் பூவுக்காகக் குரல் கொடுக்கிறார். நான் அந்த ஆண் பூவைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னத்தா, பூ இல்லையா?"

"இருக்கு அத்தை. ஒண்ணுதான் இருக்கு. அக்கா மகன் கல்யாணத்துக்கு வேணும்."

அத்தை கீழிருந்தே, "அப்பச் செம்பருத்தி ரெண்டு பறிச்சுட்டு வா. சாமி என்ன, கல்யாண வீட்டுல வந்து சண்டைக்கா நிக்கப் போகுது?" என்றார். இதழைக் கிழித்து, நீங்கள் செய்வதைப் போலவே தடவினேன்.

பிஞ்சு நின்றது அக்கா! உதிரவில்லை. அணில் கடிக்காமல் உங்கள் துப்பட்டாவையே சுற்றி வைத்தேன். தை கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் போனால், மாமா கடை ஆட்களைத் தள்ளிவிட்டுத் தானே வாங்கிக்கொண்டார். சந்தையில் வாங்கிய காய்கள் மூட்டையாகக் கிடந்தன. நம் காயை அவரே நறுக்கி, அவரே போட்டார். வெங்காயம் நறுக்குகிற இடம் தள்ளித்தான் இருந்தது, ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பந்தியில் தால்சா வாளி என் கையில். உங்கள் மகன் என்று சொல்லவே தோன்றாத அளவுக்கு மாப்பிள்ளை ஜோரில் உட்கார்ந்திருந்தவன், என்னைப் பார்த்ததும் சின்னப் பிள்ளையாகிவிட்டான்.

"இதுல எது சின்னம்மா நம்ம காய்?"

கரண்டியால் கலக்கிப் பார்த்தேன். கத்தரிக்காய் தெரிந்தது, மாங்காய் தெரிந்தது. பூசணி மட்டும் குழைந்து பருப்போடு ஒன்றாகிவிட்டிருந்தது.

"கரைஞ்சிருச்சுப்பா. எல்லாருக்கும் கொஞ்சங் கொஞ்சம் போகுது."

அவன் நிறைந்திருந்த மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். சிரித்துக்கொண்டே தட்டை மறுபடியும் நீட்டினான். பெண்கள் பக்கம் போனால் உங்கள் மருமகளும் நீட்டினாள். பந்திக்குப் பந்தி, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் ஊத்திக்க, வெக்கப்படாத" என்று அதட்டி அதட்டி ஊற்றினேன். பாதி பந்தியில்தான் கவனித்தேன் அக்கா, அந்த அதட்டல் என்னுடையது இல்லை.