கார்டில் இருந்தது என் கடை நம்பர்

நேற்று ஒரு பெண் கடைக்கு வந்து, தான் புதிதாக ஓவியம் வரையத் தொடங்கியிருப்பதாகச் சொல்லி ஒரு கார்டை நீட்டினாள். மூலையில் சின்னதாக ஒரு செவ்வந்தி. அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் முதலில் திருப்பிப் பார்த்தது பின்பக்கத்தை. எதை விற்க வந்திருக்கிறாளோ என்ற சந்தேகம். நீ பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பாய், நண்பா.

எண்பதுகளில் நம் தேயிலை மலைப் பக்கத்தில் கார்டு என்றாலே இன்சூரன்ஸ்காரன்தான். கார்டு கொடுப்பவன் அடுத்துக் கையெழுத்துக் கேட்பான் என்று தோட்டத்து லய வீடுகளில் கதவைச் சாத்திவிடுவார்கள். அப்போதுதான் நீ தேயிலை பேக்டரி வேலையை விட்டுப் படம் வரைந்தே பிழைக்க முடியுமா என்று பார்க்கத் துணிந்தாய்.

பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி, ஒவ்வொரு கார்டிலும் வேறு வேறு படம் போட்டாய். முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி, மூடுபனியில் பாதி மறைந்த கோபுரம், மழைக்கோட்டு மாட்டிய சேவல். குற்றம் கண்டுபிடிக்கத்தான் உற்றுப் பார்த்தேன். சேவலின் கோட்டுக்குப் பொத்தான்கூட வைத்திருந்தாய். படத்துக்குக் கீழே உன் பெயர். அதற்கும் கீழே, ரிங்லெட்டில் இருக்கும் என் மளிகைக் கடையின் டெலிபோன் நம்பர்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோலா தெர்லாவிலிருந்து ஒரு பூத்தோட்டத் தவுக்கே, சீன முதலாளி, போன் செய்து உன்னைக் கேட்டபோதுதான் எனக்கே விஷயம் தெரியும். ஏதோ வில்லங்கத்தில் என்னை மாட்டிவிட்டாய் என்று நினைத்து அவரைக் குடைந்து எடுத்துவிட்டேன். பாவம், அவருக்கு லோரிக் கதவில் பூ வரைய வேண்டும், அவ்வளவுதான். உனக்குக் கிடைத்த முதல் வேலை அது.

பிறகு ஈப்போவுக்குப் போனாய். சொந்தமாகப் போர்டுக் கடை, சொந்தமாகப் போன். அப்போதும் கார்டில் என் நம்பர்தான். யாருக்குப் பயந்து ஒளிகிறாய் என்று நேரில் வந்தே கேட்டேன். ஒருவன் போர்டு எழுதி வாங்கிக்கொண்டு காசு கொடுக்காமல் கம்பி நீட்டிவிட்டதைச் சொல்லிவிட்டு, "நீதான் ஒருத்தனையும் நம்ப மாட்டியே லா. உன் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிட்டு வர்றவன் என்னை ஏமாத்த மாட்டான்" என்றாய். திட்டுகிறாயா, புகழ்கிறாயா என்று அன்று எனக்குப் புரியவில்லை. உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

ஒரு மழைநாள் காலையில் பழக்கமில்லாத பையன் ஒருவன் போனில் வந்தான். தாப்பா ரோட்டில் உன் மோட்டார் சைக்கிள் சறுக்கிவிட்டது, ஆள் போய்விட்டார் என்றான். இந்த நம்பரை யார் கொடுத்தது என்று அதட்டினேன். சட்டைப் பையில் கார்டு இருந்தது என்றான். அப்படியானால் அதில் என்ன படம், சொல் பார்க்கலாம் என்றேன்.

"ஒரு ஆளு டெலிபோன காதுல வச்சுக்கிட்டு மொறைக்கிறாரு, அண்ணே."

உன் சிதை எரிந்ததை நின்று பார்த்தவன்தான் நான். ஆனால் அப்படி ஒரு கார்டை நீ எனக்குக் காட்டியதே இல்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பையன் சொன்னதை இன்றுவரை நம்பாமல் இருக்கிறேன்.