மட்டையை அறுக்கலாமா?

அஜ்மான்,
ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஹர்ஷினி அப்பாவுக்கு,

ஜலஜா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உங்கள் இருமல் விட்டதா? ரூமில் ஏ.சி.க்கு நேர் கீழே படுக்காதீர்கள் என்றால் கேட்பதே இல்லை. தினமும் வீடியோவில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் உங்கள் பக்கம் ரூம்காரர்கள். என் பக்கம் உங்கள் மகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் தோஹா வருகிற முகம்மது சித்தீக் பாயிடம் இட்லிப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

என் க்ளினிக் வேலை மார்ச்சோடு முடிவதால், பரீட்சை முடிந்ததும் எங்கள் இருவரையும் கோயம்புத்தூருக்குக் கிளம்பச் சொன்னீர்கள். அதை ஹர்ஷினியிடம் பக்குவமாகச் சொல்கிற வேலையையும் என் தலையில் கட்டினீர்கள். நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுக்கும் போதெல்லாம் அவள் மட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள்.

லக்ராஸ் என்று பள்ளியில் புது கோச் ஆரம்பித்த விளையாட்டு. நீளத் தண்டு, முனையில் ஒரு வலைப்பை. பார்க்க டீ வடிகட்டிக்கு அண்ணன் மாதிரி இருக்கும். பந்தை அதில் ஏந்தி ஓடி, எறிந்து, கோல் போட வேண்டும். நம் பெண்ணை டீமில் எடுத்துவிட்டார்கள். ஆனால் மேட்ச்சுக்குச் சொந்த மட்டை வேண்டுமாம். கிளம்பப் போகிறவர்களுக்குப் புதிது எதற்கு என்று பழையதாகத் தேடினேன்.

ஷார்ஜாவில் ஒரு குடும்பம் ஒரேயடியாக ஊருக்குப் போகிறது என்று லீவிங் சேல் போட்டிருந்தார்கள். நமக்கு அது புதிதா? நம் சோபா, ஃபிரிட்ஜ் எல்லாமே யாரோ விட்டுப் போனதுதானே. அங்கே இரண்டு மட்டைகள் இருந்தன. ஒன்றில் வலை தட்டை, மற்றதில் நல்ல ஆழம். குழம்புக் கரண்டி வாங்கிப் பழகினவள் எதை எடுப்பாள்? ஆழமானதைத்தான் எடுத்தேன். பந்து உள்ளே போனால் விழாது பாருங்கள்! மகளுக்குத் தெரியாமல் வாங்கி வந்து பெருமையாக நீட்டினேன். மறுநாள் கோச் அதில் பந்தை வைத்துக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தாளாம். பந்து விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும், இது பையன்கள் மட்டை, பெண்கள் ஆட்டத்தில் செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். மாற்றிக்கொள்ளலாமா என்று போன் செய்தால் அந்தக் குடும்பம் ஏர்போர்ட்டில் நிற்கிறது. கலாஸ், கதை முடிந்தது! வாஷிங் மெஷின் பின்னால் விழுகிற சாக்ஸை எடுக்க இப்போது அதைத்தான் வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

இரண்டாவது முறை மகளையே கூட்டிப் போனேன். அல் நஹ்தாவில் ருக்கையா என்று ஒரு அம்மா, சித்தீக் பாயின் மனைவி. அவர்கள் பெண் காலேஜுக்காகச் சென்னை போய்விட்டதால் அவளுடைய மட்டையை விற்றார்கள். நம்மை ஏமாற்றுகிற ஆள் இல்லை. வலை கட்டிய தலையைக் கழற்றித் தண்டைத் தரையில் உருட்டிக் காட்டினார். வளைந்திருந்தால் தத்தித் தத்தி ஓடுமாம், இது நேராக ஓடியது. தலையில் கீறல் இல்லை. பந்தை வைத்தால் மேலே தெரிந்தது. ஒரே குறை, நீளம். ஹர்ஷினி சுழற்றியபோதெல்லாம் அடிமுனை அவள் முழங்கையில் இடித்தது.

அலுமினியத் தண்டுதானே, ஹார்டுவேர் கடையில குடுத்தா அறுத்து ரப்பர் மூடி போட்டுத் தருவான் என்றார் ருக்கையா. இந்த ஒரு வருஷத்துக்குன்னா அறுத்துடுங்க, இருக்கப் போறீங்கன்னா அறுக்காதீங்க, பிள்ளை வளர்ந்துடும், அறுத்ததை ஒட்ட முடியாது என்றும் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, எத்தனை வருஷம் இருப்பீங்க என்று கேட்டார்.

 நான் கைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். உங்கள் மகள் முந்திக்கொண்டு, ட்வெல்த் முடிக்கிற வரைக்கும் இங்கதான் ஆன்ட்டி, டோன்ட் கட் இட் என்றாள்.

ருக்கையா என் முகத்தைப் பார்த்துவிட்டு, மட்டையை அறுக்காமலே கட்டிக் கொடுத்தார். கிளம்பும்போது, எங்க வீட்டுக்காரர் இந்த வாரம் தோஹா போறார், ஏதாச்சும் குடுத்தனுப்பணும்னா குடுங்க என்றார். தோஹாவில் யார் இருக்கிறார் என்று நான் சொல்லவே இல்லை. ஹர்ஷினிதான் அதற்குள் உங்களைப் பற்றி முக்கால் மணி நேரம் அளந்துவிட்டாளே.

வெளிப்படையாகவே சொல்கிறேன், எனக்குக் கோயம்புத்தூர் போக இஷ்டமில்லை. உங்கள் அக்கா வீட்டு மாடியில் ஒரு குறையும் இருக்காது, தெரியும். நீங்கள் வேலை பார்த்த துபாய் கம்பெனியை ஒரே நாளில் மூடிய பயம் உங்களை இன்னும் விடவில்லை, அதுவும் தெரியும். வேலை நிச்சயமான பிறகு கூட்டிக்கொள்கிறேன் என்கிறீர்கள். இந்த ஊர்களில் யாருக்கு வேலை நிச்சயம்? இத்தனை வருடமும் நாம் அப்படித்தானே இருந்தோம், சந்தோஷமாகத்தானே இருந்தோம்? தோஹாவில் ஒற்றை அறை கிடைத்தாலும் போதும், நான் சமாளிப்பேன். அங்கேயும் லக்ராஸ் விளையாடுகிறார்கள் என்று கோச் சொன்னாள். விளையாடாவிட்டால்தான் என்ன, நீங்கள் இருக்கிறீர்களே. வீடியோவில் உங்கள் கன்னம் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு என்னால் சாப்பிட முடியவில்லை.

மட்டை கதவோரம் சாய்ந்து நிற்கிறது. பள்ளி விட்டு வந்ததும் கீழே போய்ச் சுவரில் பந்தடிக்கிறாள். முழங்கை கன்றிப்போயிருக்கிறது, பழகிடும் மம்மி என்கிறாள். ஹார்டுவேர் கடை நம் பில்டிங்குக்கு அடியிலேயே இருக்கிறது, அறுப்பது ஐந்து நிமிட வேலை. உங்கள் முடிவு கோயம்புத்தூர்தான் என்றால் அறுத்துவிடுகிறேன், சண்டை போடமாட்டேன். ஆனால் அந்த முடிவை என்னிடம் சொல்லாதீர்கள். வெள்ளிக்கிழமை மட்டையைக் காட்ட உங்களைக் கூப்பிடுவாள். மம்மியை விட்டால் அறுத்துவிடுவாள், அப்பாதான் வேண்டாம் என்று சொல்வார் என்று காத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் நீங்களே சொல்லுங்கள்.

மருதமலை முருகன் உங்கள் இருமலையும் பயத்தையும் சேர்த்தே போக்கட்டும். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
ஜலஜா