மருமகள் கூட்டிப்போன மேட்னி

மார்ச் 4, சனி

வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் சனிக்கும் செவ்வாய்க்கும் வித்தியாசம் தெரியாமல் போகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. காலையில் அலமாரியிலிருந்த துண்டுகளை எல்லாம் எடுத்துப்போட்டு மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். மருமகள் பல் தேய்த்தபடி வந்து பார்த்தாள்.

"அத்தை, நேத்தும் இதைத்தானே மடிச்சீங்க? போதும், கிளம்புங்க. உங்க பிள்ளைக்குக் கணக்கு, நமக்கு சினிமா."

மகன் ஆடிட்டர். வாரக் கடைசியிலும் ஆபீஸ்தான் அவனுக்கு வீடு.

படம் சுமார். கூத்து நடந்தது அதற்குப் பிறகு போன ரெஸ்டாரன்டில். நான் சொன்னது காளான் நூடுல்ஸ். வந்தது வறுத்த மீன். மருமகள்தான் எனக்காக மாற்றிச் சொல்லியிருப்பாள் என்று நினைத்து வெளுத்துக் கட்டினேன். பாதி மீன் உள்ளே போன பிறகு பக்கத்து மேஜையிலிருந்து ஒரு செருமல்.

"தப்பா நினைக்காதீங்க. அந்த மீனுக்காகத்தான் நான் ரொம்ப நேரமா காத்துட்டு இருந்தேன்."

வெள்ளைத் தாடி. தனி ஆள். அவர் முன்னால் என் நூடுல்ஸ், தொடாமல், ஆவி அடங்கிப்போய். வாயிலிருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவரே சொன்னார்: "பாதியை விட்டு வச்சிருக்கீங்களே, அதுவே பெரிய மனசு."

மருமகள் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

கடைசியில் அவர் நாற்காலியை எங்கள் மேஜைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். மீனும் பாதிப் பாதி, நூடுல்ஸும் பாதிப் பாதி. கால்நடை மருத்துவராம். இந்த ஊரில் கால்நடை ஏது, நாயும் பூனையும்தான் என்றார். வீடு வருவதற்குள் மருமகள் பெயர் வைத்துவிட்டாள் – பூனை டாக்டர்.

மார்ச் 5, ஞாயிறு

பல் தேய்க்கும்போது செருமல் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். கண்ணாடி முழுக்க நுரை.

மார்ச் 11, சனி

இன்று பேய்ப்படம். டிக்கெட் வரிசையில் எங்களுக்கு முன்னால் யார்? பூனை டாக்டர்! தற்செயல் என்று நினைக்க நான் என்ன பச்சைக் குழந்தையா? போன வாரமே மருமகள் அவர் நம்பரை வாங்கியிருக்கிறாள். அவள் தோழி வளர்க்கும் பூனைக்குப் பசியே இல்லையாம். அவள் தோழிகள் அத்தனை பேரையும் எனக்குத் தெரியும். ஒருத்திக்கும் பூனை கிடையாது.

இடைவேளைக்கு முன்னால் அந்தக் கதவு திறந்ததே, நான் போட்ட அலறலில் அவருடைய பாப்கார்ன் முழுக்க முன்வரிசைக்காரர் தலையில். முப்பது வருடம் ரத்தத்தைப் பார்த்தவள், பவுடர் பூசிய பேய்க்குப் பயந்தேன்.

படம் முடிந்ததும் மருமகளுக்கு அவசர போன் வந்தது. (அடிக்காத போன். நான் பார்த்தேன்.) "நீங்க ரெண்டு பேரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு இருங்க அத்தை" என்று பறந்துவிட்டாள்.

என்ன பேசுவது? "எனக்கு தியேட்டர் புதுசில்லை, முப்பது வருஷம் தியேட்டர்லதான் இருந்தேன்" என்றேன்.

"அப்படியா! டிக்கெட் கிழிச்சீங்களா?"

"இல்லை. ஆபரேஷன் தியேட்டர். வயித்தைக் கிழிக்கிறவங்களுக்குக் கத்தி எடுத்துக் கொடுத்தேன்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு ரொம்ப யோசனையாக, "அப்போ நான் உங்களை சிஸ்டர்னு கூப்பிடணுமா?"

"கூப்பிட்டுப் பாருங்க, எழுந்து போயிடுவேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே உறைத்தது. ஐஸ்கிரீம் சாப்பிட்டும் முகம் சுட்டது.

மார்ச் 14, செவ்வாய்

துண்டு மடிக்கவில்லை. கடைவீதிக்குப் போய்க் காதுக்குப் புதுசாக ஒன்று வாங்கினேன், சின்னப் பச்சைக் கல். அறுபத்தொரு வயசில் இது என்ன ஆட்டம்? தெரியாது. நன்றாக இருக்கிறது. கல்லைச் சொன்னேன்.

மார்ச் 18, சனி

மருமகள் வரவில்லை. தலைவலி என்று சோபாவில் படுத்துக்கொண்டு காலை ஆட்டிப் பாட்டுக் கேட்டாள். அப்படி ஒரு தலைவலி.

நானும் அவரும் மட்டும். மாடியில் இருக்கும் சூப் கடை. கீழே மழைக்கு ஓடுகிறவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். அவர் மனைவியைப் பற்றிச் சொன்னார். நான் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் இல்லாமல் போன வலியை நாங்கள் மறைக்கவில்லை. "ரெண்டு பேர் டேபிள்ல தனியா உக்காரப் பழகிட்டேங்க. பழகிடுச்சுங்கறதால பிடிச்சிருக்குன்னு அர்த்தம் இல்லை" என்றார். ரொட்டியைப் பிட்டு அவர் தட்டில் வைத்தேன்.

அப்புறம் ஒரே குடையில் தியேட்டருக்கு. படம் என்ன கதை என்று யாராவது கேட்டால் மாட்டிக்கொள்வேன்.

மார்ச் 20, திங்கள்

மகனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் ஆபீஸ்காரர் யாரோ தியேட்டரில் பார்த்து, "உங்க அப்பா அம்மா இந்த வயசுலயும் என்ன ஜோடி!" என்று பாராட்டியிருக்கிறார். அப்பா போய் ஏழு வருடம் ஆன பிள்ளையிடம்.

சாப்பிடாமல் எழுந்துவிட்டான். "ஊர் சிரிக்குதும்மா" என்றான்.

மருமகள் விடவில்லை. "ஊர் சிரிக்கலைங்க. அத்தைதான் சிரிக்கறாங்க. அது கேட்கலையா உங்களுக்கு?"

கதவைச் சாத்திக்கொண்டான். பெத்து வளர்த்தவ என்னடா தப்பு பண்ணிட்டேன்? ஒரு சூப். ஒரு சினிமா. இதுக்குப் போயி – வேண்டாம், எழுத எழுத அழுகைதான் வருது.

மார்ச் 25, சனி

போகவில்லை. அவர் மூன்று முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. துண்டு மடித்தேன்.

மார்ச் 26, ஞாயிறு

மகன் சமையலறைக்கு வந்து நின்றான். சின்ன வயதில் மார்க் குறைந்தால் நிற்பானே, அப்படி, குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்துகொண்டு.

"அன்னைக்கு நீ அவர்கிட்ட போன்ல பேசிட்டிருந்தே. சிரிச்சே. அவ்வளவு சத்தமா நீ சிரிச்சு நான் கேட்டதே இல்லைம்மா. அப்பாகிட்ட நீ அப்படிச் சிரிச்சதே இல்லையேன்னு... அதான்."

அதுதானா! இத்தனை நாள் ஊர், உலகம், மானம் என்றது எல்லாம் இதைச் சுற்றிக்கட்டிய துணிதானா!

"யாருடா சொன்னா சிரிச்சதில்லைன்னு? எனக்கு டியூட்டி, அவருக்கு டியூட்டி. நீ தூங்கினப்புறம்தான் எங்களுக்கு நேரமே கிடைக்கும். உன்னை எழுப்பிடக்கூடாதுன்னு தலையணையை வாயில அமுக்கிக்கிட்டுச் சிரிச்சிருக்கோம். உங்க அப்பா அடிக்கிற ஜோக்கு எல்லாம் உன்கிட்டச் சொல்லவே முடியாது."

காது வரை சிவந்துவிட்டான். "அய்யோ, போதும்மா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நிஜமாவா?" என்றான்.

"நிஜமாத்தான்டா."

என் தோளில் தலை வைத்தான். ஆறடிப் பிள்ளை, குனிந்துதான் வைக்க வேண்டியிருந்தது. பாவம், எவ்வளவு களைப்பு அந்த முகத்தில்.

ஏப்ரல் 1, சனி

டாக்டருக்கு நானே போன் செய்தேன். போன வாரம் எடுக்காததற்கு அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "என் பிள்ளை உங்களைப் பார்க்கணும்கறான்" என்றேன்.

"இன்னைக்குத் தேதி பார்த்துத்தான் சொல்றீங்களா?"

சிரித்தேன். சத்தமாகவே.

ஏப்ரல் 8, சனி

நாலு பேர். மகன் ஆடிட்டர் முகத்தோடு வந்து உட்கார்ந்தான். சூப் வருவதற்குள் கேள்விகள். எங்க படிச்சீங்க, வீட்டுல யார் இருக்காங்க, சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா? மாப்பிள்ளை பார்க்க வந்த மாமனார் தோற்றார். நானும் மருமகளும் மேஜைக்கடியில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டோம்.

டாக்டர் எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். "சர்க்கரை இல்லை. மறதி கொஞ்சம் உண்டு. பூனை கடிச்ச தழும்பு பதினொண்ணு, வேணும்னா காட்டறேன்." மகன் உதட்டைக் கடித்தான். சிரிப்பை அடக்க அவன் அப்பாவும் அப்படித்தான் செய்வார்.

தியேட்டரில் யார் எங்கே உட்காருவது என்று ஒரு தள்ளுமுள்ளு. முடிவில் நான், டாக்டர், மகன், மருமகள். நகைச்சுவைப் படம். தியேட்டரே குலுங்கியது. இடைவேளைக்கு முன்பே எங்கள் வரிசையில் மட்டும் ஒரு குறட்டை. மகன்! கணக்கு வேலையில் ஒரு மாசமாகச் சரியாகத் தூங்காத பிள்ளை, தலை சாய்ந்து சாய்ந்து, கடைசியில் டாக்டர் தோளில் போய் விழுந்தது. எழுப்பக் கை நீட்டினேன். அவர் விரலை உதட்டில் வைத்தார்.

அப்புறம் அசையவே இல்லை மனிதர். இடைவேளையில் விளக்கு போட்டார்கள், அசையவில்லை. சிரிப்பு வரும் இடங்களில் வயிறு மட்டும் குலுங்கியது, தோள் குலுங்கவில்லை. அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நான் படத்தைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தேன்.

படம் முடிந்து மகன் விழித்து, எங்கே படுத்திருக்கிறோம் என்று தெரிந்து, திடுக்கிட்டு எழுந்தான். "சாரி சார்... எழுப்பியிருக்கலாமே!"

"தூங்கற பிராணியை எழுப்பக்கூடாதுன்னு எங்க படிப்புல முதல் பாடம் தம்பி" என்றார், மரத்துப்போன கையை உதறிக்கொண்டே.

மகன் ஒரு கணம் அவரையே பார்த்தான். பிறகு சிரித்தான். அந்தக் கையைப் பிடித்துத் தேய்த்துவிட ஆரம்பித்தான். வரிசையில் பின்னால் வந்தவர்கள் எல்லாம் நகர வழியில்லாமல் நின்றார்கள்.

ஏப்ரல் 23, ஞாயிறு

மகன் இன்று ஆபீஸ் போகவில்லை. அடிதடிப் படம், இரண்டே டிக்கெட், அவனுக்கும் டாக்டருக்கும். "உங்களுக்கெல்லாம் புரியாது" என்றானாம் மருமகளிடம்.

நாங்கள் எதிரே இருக்கும் கேக் கடையில் காத்திருந்தோம். படம் விட்டது. இரண்டு பேரும் வெளியே வந்தார்கள், கையை வீசி வீசிப் பேசிக்கொண்டு, யார் யாரை எப்படி அடித்தார் என்று நடுரோட்டில் நடித்துக் காட்டிக்கொண்டு. கடையைத் தாண்டினார்கள். எங்களைத் தாண்டினார்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருமுனையில் திரும்பி மறைந்தே போனார்கள்.

"அத்தை, கூப்பிடட்டுமா?" என்றாள் மருமகள்.

"வேண்டாம், போகட்டும்" என்றேன். இன்னொரு கேக் சொன்னோம்.