பீரோவுக்கு இந்தப் பக்கம்

திங்கட்கிழமை

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் அடம் பிடிக்கிறது. மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா?

உன் கடிதமும் போட்டோவும் வந்தன. போட்டோவில் உன்னைத்தான் முதலில் தேடினேன். பாதிப் படத்தை ஒரு ஷெல்ஃப் அடைத்துக்கொண்டு நிற்கிறது. "இங்கே இருக்கும் அப்பா ஒரே நாளில் மாட்டிக் கொடுத்தார், அறுபது கிலோ தாங்கும்" என்று எழுதியிருக்கிறாய். நான் அளவெடுத்தே பிழைக்கிற தையல்காரன், இதையும் அளந்தேன். உன் கடிதம் மொத்தம் நான்கு பக்கம். அதில் சம்பந்தியின் ஷெல்ஃப் ஒன்றரைப் பக்கம். இந்த விடுமுறைக்கும் வர முடியாது போலிருக்கிறது என்பது ஒரே ஒரு வரி.

சம்பந்தி முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஆளையே தொங்கவிட்டவருக்கு ஒரு பலகையைத் தொங்கவிடுவது பெரிய வித்தையா? நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மாமா என்று எழுதியிருந்தால் போதாதா, வாலு? கேட்டே விட்டேன். எனக்குப் பொறாமைதான். வயிறு எரிகிறது. அம்மாவிடம் சொன்னால், "மோர் குடிங்க" என்கிறாள்.

இங்கேயும் ஒரு ஷெல்ஃப் வரப்போகிறது. ஹாலுக்கும் உன் அறைக்கும் நடுவே இருக்கிற சுவரில். உன் கலைக்களஞ்சியம் பன்னிரண்டு தொகுதியும் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றனவே, அவற்றை அதில் அடுக்கப் போகிறேன். நீ வந்தால் பார்க்கலாம்.

வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அப்பா


சனிக்கிழமை

அன்பு மகள் வாலுவுக்கு,

மாட்டியாகிவிட்டது! போட்டோ இணைத்திருக்கிறேன். ஐந்தடிப் பலகை. ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டேன், குமிழி நடுவில் நிற்கிறது. மாப்பிள்ளையிடம் காட்டு. பக்கத்தில் அவருடைய அப்பா இருந்தால் அவரிடமும் காட்டு.

நம் வீட்டுச் சுவர் ஜிப்சம் பலகைதான். கோட்டுக்கு உள்ளே விறைப்புக்காகக் கேன்வாஸ் துணி வைக்கிற மாதிரி, பலகைக்குப் பின்னால் அங்கங்கே மரச்சட்டம் நிற்குமாம். அந்தச் சட்டத்தில் ஸ்குரூ ஏற வேண்டும், வெறும் பலகையில் ஏற்றினால் பாரம் தாங்காது என்று ஸ்குரூ விற்ற கடைக்காரர் சொன்னார். சுவரைத் தட்டினால் சட்டம் இருக்கும் இடத்தில் கனமான சத்தம் வரும். தட்டிக்கொண்டே போனேன். டொம் டொம் என்று வந்தது, பிறகு ஓர் இடத்தில் தட் தட் என்று கெட்டியாகக் கேட்டது. நாலடி நீளத்துக்கு அப்படியே கெட்டி. எனக்கென்றே சட்டத்தை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்து, தையல் சாக்பீஸால் ஆறு புள்ளி வைத்தேன்.

டிரில் போடும்போது அம்மா பக்கத்தில் நின்று, "வெள்ளைத் தூள்தானே வருது, மரத்தூள் வரலியே?" என்று கேட்டாள். நீ கட்டிங்கில் தலையிடாதே என்று சொல்லிவிட்டேன்.

பன்னிரண்டு தொகுதியும், நம் தையல் கடையில் இருந்த பழைய இரும்பு இஸ்திரிப் பெட்டியும் அதன்மேல் இருக்கின்றன. அறுபது கிலோ என்ன பெரிய அறுபது கிலோ.

இப்படிக்கு,
உன் அப்பா


வியாழக்கிழமை

அன்பு மகள் வாலுவுக்கு,

ஒன்றும் பதறாதே. யாருக்கும் அடி இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். மடமடவென்று ஒரு சத்தம். அம்மா சமையலறையிலிருந்து நொண்டிக்கொண்டே ஓடி வந்து, என்னைப் பார்த்து, "நீங்கதான் விழுந்துட்டீங்கன்னு நினைச்சேன்" என்று சொல்லி மூச்சு விட்டாள். ஷெல்ஃப் தரையில் கிடந்தது. சுவரில் ஆறு பெரிய ஓட்டை. ஏழாவது தொகுதிக்கு முதுகு பிளந்துவிட்டது. தைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு நாள் முழுக்க வீம்பாக இருந்தேன். நேற்று அங்கே இருக்கும் உன் அப்பாவுக்கே போன் போட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். மரத்தூள் வந்ததா? வரவில்லை. எவ்வளவு அகலத்துக்குக் கெட்டிச் சத்தம்? நாலடி. பிறகு, "சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு சம்பந்தி?" என்றார்.

உன் பீரோ இருக்கிறது, வாலு.

நீ புறப்பட்டுப் போன வாரம், நான்தான் தோள் கொடுத்துத் தள்ளி அதைச் சுவரோடு ஒட்டி வைத்தேன். பள்ளிச் சீருடையிலிருந்து வேலைக்குப் போட்டுப்போன மேல்கோட்டு வரை, உனக்கு நான் தைத்த எல்லாமே அதற்குள் இருக்கின்றன. எடுத்துக்கொண்டு போக இடமில்லை என்று விட்டுப்போனாய். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அம்மா பலமுறை சொன்னாள். நான் சாவியைக் கடைக்கு எடுத்துப் போய்விட்டேன். துணி நெருக்கமாக அடைத்திருக்கிறது, பீரோ சுவரில் அழுந்தி நிற்கிறது. நான் இந்தப் பக்கம் தட்டியபோது கெட்டியாகக் கேட்டது அதுதான். அதை மரம் என்று நம்பி அவ்வளவு பாரத்தையும் ஏற்றிவிட்டேன்.

பீரோவை நகர்த்திவிட்டுத் தட்டிப் பாருங்கள், சட்டம் தானாகத் தெரியும் என்கிறார் அவர். உன் வீட்டிலும் முதலில் இரண்டு ஓட்டை தப்பாகப் போட்டாராம், காலண்டர் மாட்டி மறைத்திருக்கிறாராம். நீ அதை எழுதவில்லையே.

நகர்த்த வேண்டுமென்றால் முதலில் பீரோவைக் காலி செய்ய வேண்டும். இன்று சாவியோடு உன் அறைக்குப் போனேன். திறக்கவில்லை. அந்தத் துணிகளை எடுத்து வெளியே வைக்கிற தைரியம் எனக்கு இல்லையம்மா. அது நீ செய்ய வேண்டிய வேலை. எதை வைப்பது, எதைக் கொடுப்பது என்று நீ வந்து சொல். எல்லாவற்றையும் கொடுத்துவிடு என்றாலும் சரி, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் முறைப்பேன், அவ்வளவுதான்.

இந்த விடுமுறைக்கு வந்துவிடு. நான்கு நாள் போதும். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால், அங்கே இருக்கும் அப்பாவை அழைத்துக்கொண்டு வா. டிரில்லை மறக்காமல் எடுத்து வரச் சொல். பீரோவை ஒரு பக்கம் அவர் பிடிக்கட்டும், மறுபக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன்.

ஓட்டைகளை இன்னும் அடைக்கவில்லை. நீ நலமாக இரு, வாலு.

அப்பா