மூன்று மணி நேர வித்தியாசம்

ஆகஸ்ட் 4, திங்கள்

வீட்டின் மாடல் முடிந்தது. மாடிப்படி, ஜன்னல், தண்ணீர்த் தொட்டி எல்லாம் கணினிக்குள் எழும்பி நிற்கின்றன. இனி, ஒருவர் உள்ளே நடந்துபோய்ப் பார்ப்பதுபோல் ஒன்றரை நிமிடப் படமாக்க வேண்டும். வினாடிக்கு இருபத்துநான்கு படம் வீதம் மொத்தம் 2160 ஃபிரேம். பழைய கம்ப்யூட்டரில் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். நான்கு நிமிடம். ஒரே ஒரு ஃபிரேமுக்கு! விளங்கினாற்போலத்தான்.

வேலை கொடுத்த ஆர்க்கிடெக்ட் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குள்ள குடுங்க சார். பிடிச்சிருந்தா வருஷம் பூரா வேலை உங்களுக்குத்தான்." பதினேழு வருடம் வரைபடம் போட்ட ஆபீஸ் என்னை அனுப்பி ஐந்து மாதமாகிறது. இதுவும் கைநழுவினால் மச்சானின் கிடங்கில் மூட்டை எண்ணப் போகவேண்டும். இந்த மாதக் கடைசி வரைதான் என்று மனைவியிடம் நானே வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

புது பிராசஸர் வாங்கியே ஆகவேண்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

பதினொரு பிராசஸரைக் கழித்து இரண்டில் வந்து நிற்கிறேன். அவற்றின் பெயரும் எண்ணும் வாயில் நுழையவில்லை. பெரியவர், சின்னவர் என்று வைத்துக்கொண்டேன். பெரியவருக்குப் பதினாறு கோர். ஒரு வேலையைப் பதினாறு பேர் பங்குபோட்டுச் செய்வார்கள், ஆனால் கோபக்காரர், சீக்கிரம் சூடாகிவிடுவார். சின்னவருக்குப் பன்னிரண்டு. சாது.

ஆகஸ்ட் 9, சனி

இணையத்தில் முப்பது ஒப்பீட்டுப் பக்கங்களைப் படித்துவிட்டேன். ஒருவன் பெரியவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறான், அடுத்தவன் தூக்கிக் குப்பையில் போடுகிறான். என் ஃபிரேமுக்குப் பெரியவரிடம் 45 வினாடி, சின்னவரிடம் 50 வினாடி ஆகும்போலத் தெரிகிறது. முழுப் படத்துக்கு 27 மணி நேரம், 30 மணி நேரம். மூன்று மணி நேர வித்தியாசம். சும்மாவா?

மனைவி எட்டிப் பார்த்தாள். "ரெண்டும் வேகமாத்தானே ஓடுதுங்கிறீங்க. ஏதாவது ஒண்ண வாங்குங்களேன்."

"உனக்குப் புரியாது" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பெரியவர்தான். முடிவு செய்தாகிவிட்டது.

ஆகஸ்ட் 13, புதன்

சின்னவர்.

ஆகஸ்ட் 16, சனி

கடைக்குப் போனேன். இது மூன்றாவது தடவை. கடைக்காரர் முகத்தில் சிரிப்பு இல்லை. "அடுத்த வாரம் புது மாடல் இறங்குது சார். இப்ப வாங்கினா அப்புறம் வருத்தப்படுவீங்க" என்றார். என்னை வெளியே அனுப்புவதற்காகச் சொன்னாரோ, உண்மையாகச் சொன்னாரோ.

அதைக் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி. அதுதான் வீடு வரைக்கும் உறுத்திக்கொண்டே வந்தது. வாங்காதவரை கம்ப்யூட்டர் சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். வாங்கிய பிறகும் படம் நன்றாக வராவிட்டால் பழியை யார் தலையில் கட்டுவது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. ஐம்பத்திரண்டு வயதில் இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன செய்ய?

சாயங்காலம் மறுபடி ஒப்பீட்டு அட்டவணையைத் திறந்து உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

புது மாடல் வந்துவிட்டது. ஃபிரேமுக்கு 40 வினாடி, ஒரு நாளில் படம் முடிந்துவிடும். பெரியவரும் சின்னவரும் மூக்கில் விரலை வைக்கவேண்டியதுதான். பணம் கட்டிவிட்டேன். திங்கட்கிழமை கைக்கு வருமாம். அதைப் பொருத்துகிற போர்டையும் கடைக்காரரையே எடுத்து வைக்கச் சொன்னேன். பழைய கம்ப்யூட்டரின் பெட்டி புதியதற்கு வேண்டும் என்பதால் உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி மேசைமேல் பரப்பியாயிற்று.

ஆகஸ்ட் 25, திங்கள்

வரவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

"வண்டி வழியில இருக்கு சார்." எந்த வழியில்?

ஆகஸ்ட் 27, புதன்

காலை பத்து மணிக்கு வந்தது. உடனே பொருத்தினேன். விசிறி சுற்றுகிறது, திரை இருட்டாக இருக்கிறது. கழற்றி மாட்டினேன். மறுபடி கழற்றி மாட்டினேன். அதே இருட்டு.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "பிராசஸர் புதுசு, போர்டு பழைய ஸ்டாக் சார். அதுக்கு இதை அடையாளம் தெரியாது. கொண்டாங்க, நாளைக்குக் காலையில அப்டேட் பண்ணித் தர்றேன்" என்கிறார். "இன்னிக்கே முடியாதா?" என்று கெஞ்சினேன். ஆள் இல்லையாம்.

பிராசஸருக்கு முப்பது பக்கம் படித்தவன் போர்டைப் பற்றி ஒரு வரி படிக்கவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தேன். செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருக்கிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

போர்டு அப்டேட் ஆகி வந்து, மதியம் இரண்டு மணிக்குத்தான் ஓட ஆரம்பித்தது. நாற்பது வினாடி, சொல்லி வைத்தாற்போல. என்ன வேகம்! ஆறு மணிக்கு 360 ஃபிரேம் தேறியது. பதினைந்து வினாடிப் படம். கேட் திறக்கிறது, படியேறுகிறோம், கதவருகே போய் நிற்கிறோம். வீட்டுக்குள் நுழையவில்லை.

ஆர்க்கிடெக்ட் அம்மாவைக் கூப்பிட்டு, நாளைக்குத் தரட்டுமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "இன்னொருத்தர் இருபதாம் தேதியே குடுத்துட்டார் சார். உங்களுக்காகத்தான் இன்னிக்கு வரைக்கும் வெச்சிருந்தேன்" என்றார். கோபப்பட்டிருக்கலாம்.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அந்தப் பதினைந்து வினாடியை இரண்டு தடவை பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இந்த முழுப் படமும் பழைய கம்ப்யூட்டர்ல எத்தனை நாள் ஓடியிருக்கும்?"

பெரியவருக்கு, சின்னவருக்கு, புதியவருக்கு எல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். பழையதற்குப் போட்டதே இல்லை. அவள் முன்னாலேயே போட்டேன். 2160 தடவை நான்கு நிமிடம். 144 மணி நேரம்.

"ஆறு நாள்" என்றேன்.

"நாலாம் தேதியே மாடல் முடிஞ்சிருச்சுன்னு சொன்னீங்கல்ல?"

அவ்வளவுதான் கேட்டாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பத்தாம் தேதியே முடிந்திருக்கும். பத்தாம் தேதி. நான் அப்போது மூன்று மணி நேரத்தை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

பிராசஸரைத் திருப்பிக் கொடுத்தேன். பிரித்த பொருளை எடுப்பாரோ என்று பயந்தேன், எடுத்துக்கொண்டார். ஒரு தாளை நீட்டினார். காரணம் என்ன: பழுது, பொருந்தவில்லை, மெதுவாக இயங்குகிறது, வேறு.

"வேகம் பத்தலையா சார்?"

"வேகமெல்லாம் அருமைங்க" என்றேன். 'வேறு' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பக்கத்தில் எழுத இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். அதை வெறுமையாகவே விட்டுத் தாளைக் கொடுத்துவிட்டேன்.

மச்சான் திங்கட்கிழமை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். மூட்டை காலில் விழுமாம், செருப்போடு வரக் கூடாதாம். ஆபீஸுக்குப் போட்டுப்போன கறுப்பு ஷூவை மனைவி துடைத்து வாசலருகே வைத்திருக்கிறாள்.