நெற்றியில் சிவப்பு வைத்த தகடு

8 செப்டம்பர் 2003, திங்கள்

காலையிலிருந்து கரண்ட் இல்லை. கரண்ட் வந்த நேரத்தில் ஆள் வந்துவிட்டார். ஊ சோ தின், பர்மாக்காரர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது துப்பாக்கிப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குகிறாராம். சுட்டுப் பழக நாலு இரும்பு ஆள் வேண்டுமாம். தலையும் தோளும் மார்பும் போதும், இடுப்புக்குக் கீழே வேண்டாம் என்றார். இத்தனை வருஷமாய் ஜன்னல் கம்பியும் தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டும் செய்த பட்டறைக்கு வந்த யோகத்தைப் பார்!

ஒன்றை மட்டும் என் வீட்டுக்காரரிடம், பர்மா மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் 'கோ' போட்டு, திரும்பத் திரும்பச் சொன்னார். "கோ மூர்த்தி, கெட்டி இரும்பு வேணும். மெது இரும்புன்னா குண்டு பட்டுக் குழி விழும். குழியில அடுத்த குண்டு பட்டா, சில்லு சுட்டவன் மூஞ்சிக்கே திரும்பி வரும்." இவர் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினார்.

12 செப்டம்பர், வெள்ளி

ரங்கூன் போட்டாதாங் பேட்டையில் ஷம்சுதீன் பாயின் பழைய இரும்புக் கடைக்கு நானும் போனேன். நான் போகாவிட்டால் இவர் எதையாவது தலையில் கட்டிக்கொண்டு வருவார்.

பாய் இரண்டு தினுசு காட்டினார். ஒன்று உடைத்த கப்பலின் தகடு, தடிமனாய், வழவழப்பாய். இன்னொன்று சுரங்கத்தில் மண் அள்ளுகிற வண்டியின் வாளித் தகடு, மெலிசு, பார்க்கச் சகிக்காது. இவர் கப்பல் தகட்டைத் தூக்கி நிறுத்தி, இடது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, விளிம்பு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். கம்பியோ தகடோ, கையில் எடுத்தால் முதலில் இதுதான்.

"கடைக்கு வந்த இடத்துல யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறீங்க?" என்றேன். பாய் சிரித்துவிட்டார்.

அப்புறம் அரம் வாங்கி நானே தேய்த்துப் பார்த்தேன். வாளித் தகட்டில் அரம் வழுக்கிக்கொண்டு போனது. கப்பல் தகட்டில் வெண்ணெயில் கத்தி போலக் கடித்தது. வாளித் தகடுதான் கெட்டி என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"கப்பலையே தாங்கின இரும்புடி கமலா!"

"கப்பலை யாரும் சுடலியே. தடிப்பா இருந்தாக் கெட்டியா? அப்படின்னா உங்க மண்டைதான் நம்ம பசுந்தாங் பேட்டையிலயே கெட்டி."

பாய் முன்னால் இப்படிச் சொன்னது இவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டையும் வண்டியில் ஏற்றச் சொன்னார்.

15 செப்டம்பர்

கப்பல் தகட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நல்ல புத்தி வந்ததே, முருகா.

26 செப்டம்பர், வெள்ளி

நாலு ஆளும் தயார். பின்பக்கம் கொக்கி, சங்கிலியில் தொங்கும். தலை கொஞ்சம் முன்னால் சாய்ந்து நிற்கும், குண்டுச் சில்லு தரைக்குப் போக வேண்டும் என்று. நாலு பேரும் கும்பிடு போட வருகிற மாதிரி இருக்கிறார்கள். வெள்ளைச் சாயம் அடித்துச் சுவரோரம் சாத்தியிருக்கிறது. வெயிலில்லை, காயவே மாட்டேன் என்கிறது. என் தம்பி சின்னத்தம்பி அதற்குள் நாலு பேருக்கும் பெயர் வைத்துவிட்டான். ஒன்று எங்கள் தெரு வார்டு தலைவர். வெளியே சொல்லாதே என்று வாயைப் பொத்தினேன்.

4 அக்டோபர், சனி

ஆயுத பூஜை. இவருக்கு இரண்டு நாளாய்க் காய்ச்சல், மாடியில் போர்த்திக்கொண்டு படுக்கை. எல்லாம் என் தலையில்.

ட்ரில், வெல்டிங் மிஷின், சுத்தியல், அரம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். இரும்பு ஆட்களிடம் வந்தால், ஒருவருக்கு மட்டும் நெற்றியில் ஏற்கெனவே சிவப்புப் பொட்டு! காய்ச்சலோடு இறங்கி வந்து, ஒன்றுக்கு வைத்ததும் முடியாமல் போய்ப் படுத்துவிட்டார் போல. பாதியில் விடுவதே இவருக்குப் பழக்கம். மற்ற மூவரையும் வெறும் நெற்றியோடு விட மனசு வரவில்லை. ஆள் உருவமாயிற்றே. நல்ல பெரிய பொட்டாக, அழுத்தி வைத்தேன். முன்னால் எலுமிச்சம்பழமும் நறுக்கினேன். நாலு பேரும் கல்யாண வீட்டுக்குக் கிளம்பின மாதிரி நின்றார்கள். எனக்கே சிரிப்பு.

6 அக்டோபர், திங்கள்

சின்னத்தம்பி லாரியில் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தான். இவர் படுக்கையில் இருந்தபடியே, "சிவப்பு வச்சதைக் கடைசிக் கம்பத்துலதானே மாட்டுனே?" என்று கேட்டார். "ஆமா மாமா" என்றான். என்ன சிவப்பு என்று நான் கேட்டதற்கு, ஒன்றுமில்லை, நீ கஞ்சி கொண்டு வா என்றார். கஞ்சி கொண்டுவரப் போய்விட்டேன்.

18 அக்டோபர், சனி

சோ தின் அழைத்திருக்கிறார், இன்று பிள்ளைகள் சுடுவதை வந்து பார்க்கச் சொல்லி. இவர் தீபாவளிக்கு எடுத்த சட்டையை இன்றைக்கே போட்டுக்கொண்டார். சுடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே நாற்காலி போடுவார்களாம். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளையாய் நின்றபோதுகூட இவ்வளவு மிடுக்கு இருந்ததில்லை.

சாயங்காலம் — கண். இவர் கண். ஐயோ. புதுச் சட்டை முழுக்க —

எழுத முடியவில்லை.

19 அக்டோபர்

ஆஸ்பத்திரி வராந்தா. எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

பக்கத்தில் நின்ற தகட்டிலிருந்து சில்லு திரும்பி வந்திருக்கிறது. கெட்டி இரும்பிலிருந்து எப்படி? அரம் வழுக்கிய இரும்பு அது! என் கையாலேயே தேய்த்துப் பார்த்தேனே? சுட்டுக்கொண்டிருந்த பெண் பிள்ளை பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தது, கன்னத்தில் கீறலோடு தப்பியது. நாற்காலியில் வெறுங்கண்ணோடு உட்கார்ந்திருந்தவர் என் புருஷன்.

டாக்டர் இடது கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறார். வலது கண்ணுக்கும் பரவாமல் இருக்க வேண்டும் என்கிறார். இரண்டும் போனால்? முருகா, இரண்டும் போனால் இந்த மனுஷன் என்ன செய்வார்? இரும்பைத் தவிர இவருக்கு என்ன தெரியும்?

20 அக்டோபர், திங்கள்

சின்னத்தம்பி என் காலில் விழுந்து அழுதான். அழுதுகொண்டே சொன்னதை இன்னும் என்னால் முழுங்க முடியவில்லை.

கப்பல் தகடு திரும்பிப் போகவே இல்லை; இவர் நேற்றுதான் அவனிடம் ஒப்புக்கொண்டாராம். வாளித் தகட்டில் மூன்று ஆளுக்குத்தான் இடம் இருந்ததாம். நாலாவதைக் கப்பல் தகட்டில் வெட்டிவிட்டார். என் வாய்க்குப் பயந்து என்னிடம் பொய். தூரத்தில் இருந்தால் ஆபத்தில்லை, கடைசிக் கம்பத்துக்குப் போகட்டும் என்று, அடையாளத்துக்கு நெற்றியில் சிவப்புச் சாயம் தொட்டு வைத்திருக்கிறார்.

சாயம். பொட்டு இல்லை. அடையாளம்.

"லாரியில மூடியிருந்த தார்ப்பாயை எடுத்தா நாலுலயும் சிவப்பு இருந்துச்சுக்கா. எது பெருசா, பளிச்சுனு இருந்துச்சோ அதுதான் மாமா சொன்னதுன்னு கடைசியில மாட்டிட்டேன். சின்னப் பொட்டு இருந்தது முதல் கம்பத்துக்குப் போயிடுச்சு."

பெரிய பொட்டு நான் வைத்தது. அழுத்தி வைத்தேனே. சிரித்துக்கொண்டே வைத்தேனே! மெது இரும்பைக் கொண்டுபோய் என் புருஷன் மூஞ்சிக்கு நேரே நிறுத்தியது என் குங்குமம்தானா? யாரைக் கும்பிட்டு இதைக் கேட்பது?

21 அக்டோபர்

இவரிடம் சொல்லிவிட்டேன். மனசில் வைத்துக்கொண்டு கஞ்சி ஊட்ட என்னால் ஆகாது. கட்டுப் போட்ட முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "மத்த மூணுக்கும் பொட்டு வச்சது நான்தாங்க."

கட்டிலில் தடவி என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம், "நாலாவது ஆளுக்குத் தகடு போதலைன்னு உங்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார். "சொன்னா நீ அரத்தைத் தூக்கிக்கிட்டு வருவேன்னு பயந்தேன்."

"வந்திருப்பேன்தான்" என்றேன். வராந்தாவுக்கு வந்து வாய்விட்டு அழுதேன். பக்கத்துப் படுக்கைக்குத் துணையிருந்த பர்மாக்கார அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

27 அக்டோபர்

இடது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

2 நவம்பர்

வலது கண்ணில் பார்வை இருக்கிறது. என்னை அடையாளம் தெரிந்தது. "ஏன் இப்படிக் கறுத்துப் போயிட்டே?" என்றார். இருக்கட்டும், கறுத்தே இருக்கட்டும்.

20 நவம்பர்

சோ தின் வந்தார். போலீசோடு வருவார் என்று சின்னத்தம்பி பின்வாசல் வழியாக ஓடிவிட்டான். அவரோ ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார். அந்தத் தகட்டில் முதல் குழி விழுந்த அன்றே கழற்றியிருக்க வேண்டும், போட்டி நெருங்குகிறதே என்று விட்டது தன் தப்பு என்றார். ஆளாளுக்குத் தப்பை எடுத்துக்கொள்கிறார்கள். கண் மட்டும் திரும்ப வரவில்லை.

22 அக்டோபர் 2004, வெள்ளி

ஆயுத பூஜை.

சோ தின் மறுபடியும் கேட்ட இரண்டு தகடு சுவரோரம் நிற்கிறது. இரண்டையும் நான் அரம் போட்டுப் பார்த்த பிறகுதான் இவர் வெட்டினார். சந்தனத்தோடு நிறுத்திக்கொண்டேன். குங்குமக் கிண்ணத்தை எடுக்கவே இல்லை. இவர் பார்த்துக்கொண்டே ட்ரில்லைத் துடைத்து வைத்தார்.

பூஜை முடிந்ததும் புதுக் கம்பி ஒன்றை எடுத்து, வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பழக்கத்தில் முகத்தின் இடது பக்கம் இறுகியது. அங்கே மூட ஒன்றுமில்லை. நான் பார்ப்பது தெரிந்து திரும்பினார்.

"இனிமே யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறேன்னு நீ கேக்க முடியாது, கமலா."

"வாயை மூடுங்க" என்று கத்திவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். குங்குமக் கிண்ணத்தை எடுத்தேன். இரும்புக்கு இல்லை, இவர் நெற்றிக்கு. குனிந்து காட்டினார். பெரிதாக, அழுத்தி வைத்தேன்.

அப்புறம் அந்தக் கம்பியை நானும் வாங்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது.