மாத்திரையா, பாலா என்று கேட்ட தாய்க்கு நான் சொன்ன தவறான பதில்

அனுப்புநர்:
ச. பொன்னுத்தங்கம்,
மருந்தாளுநர்,
அரசு ஆரம்ப சுகாதார நிலையம்,
கீழப்பொட்டல், சிவகாசி வட்டம்,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விருதுநகர்.

வழி: மருத்துவ அலுவலர், கீழப்பொட்டல்.

பொருள்: கிராமப்புற சுகாதார நிலையங்களில் மருந்துகள் குறித்த நம்பத்தக்க தகவல் கிடைக்காமை – அதனால் பாலூட்டும் தாய் ஒருவருக்கு நேர்ந்த துன்பம் – உரிய ஏற்பாடு செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட நிலையத்தில் பதினொரு ஆண்டுகளாக மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். புகார் என்றால் யார் மீது என்று தாங்கள் முதலில் கேட்பீர்கள். முதலில் என் மீதுதான். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

2. எங்கள் ஊர்க் காலனியைச் சேர்ந்த பானுப்பிரியா, வயது 21. திருமணத்துக்கு முன் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். பதினான்கு வயதிலிருந்தே அவருக்கு வலிப்பு நோய் உண்டு. மாதந்தோறும் எங்கள் நிலையத்தில் ஃபெனிடாயின் மாத்திரை வாங்கிச் செல்வார். ஒரு நாள்கூடத் தவறாமல் சாப்பிட்டதால் நான்கு ஆண்டுகளாக வலிப்பு வரவில்லை. கடந்த மார்ச் மாதம் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. சினேகா என்று பெயர் வைத்தார்கள். மருத்துவர்களின் கண்காணிப்பில் நடந்த பிரசவம். தாயும் சேயும் நலம்.

3. ஏப்ரல் 24 அன்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாத்திரை வாங்க வந்தார். ஜன்னலில் நின்றபடி, “அக்கா, இத முழுங்கிக்கிட்டே பிள்ளைக்குப் பால் குடுக்கலாமா? நீங்க சொன்னாச் சரிக்கா” என்று கேட்டார். அன்று மருத்துவர் முகாமுக்குச் சென்றிருந்தார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற இருபது பேருக்கு மருந்து எடுத்து வைக்க வேண்டியிருந்தது. என்னிடம் இருந்த மருந்துக் கையேடு 1989-ஆம் ஆண்டுப் பதிப்பு. பாலூட்டுவோருக்கு இம்மருந்தின் பாதுகாப்பு உறுதிப்படவில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. மேசைக் கண்ணாடியின் கீழே மருந்து நிறுவனப் பிரதிநிதி ஒருவர் கொடுத்த பளபளப்பான துண்டறிக்கை இருந்தது. வலிப்புக்கான பழைய மாத்திரைகள் பாலூட்டும் தாய்மார்களுக்கு ஆகாது என்று அதில் சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையே சொல்வதாக எனக்குத் தோன்றியது. “குடுக்கக் கூடாதும்மா, டப்பாப் பாலுக்கு மாத்திரு” என்று சொல்லிவிட்டு அடுத்தவரின் சீட்டை வாங்கினேன். இவ்வளவுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

4. அவர் இரண்டு நாள் டப்பாப் பால் கொடுத்துப் பார்த்திருக்கிறார். குழந்தை குடித்ததையெல்லாம் கக்கிவிட்டு அழுதிருக்கிறது. மூன்றாம் நாள் தாய்ப்பாலுக்கே திரும்பிவிட்டார். நிறுத்தியது மாத்திரையை. மே மாதமும் என்னிடம் வந்து மாத்திரை வாங்கிச் சென்றார். நானும் பதிவேட்டில் எழுதிக் கொடுத்தேன். அதைப் பிரிக்காமல் துணிப்பெட்டியில் வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

5. ஜூன் 4, திங்கட்கிழமை காலை எட்டு மணி இருக்கும். பானுப்பிரியா கால்களை நீட்டிக் குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெந்நீர்ப் பானை. மாமியார் வேலுத்தாய் தண்ணீர் விளாவிக்கொண்டிருந்தார். அப்போது வலிப்பு வந்தது. பானை சரிந்து பானுப்பிரியாவின் வலது கை முழங்கை வரை வெந்துபோனது. ஒன்று நிற்பதற்குள் அடுத்தது என மூன்று முறை வலிப்பு வந்திருக்கிறது. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. செய்தி கேட்டு நான் ஓடியபோது வேலுத்தாய் ஈரச் சேலையோடு தெருவில் நின்று, “பிள்ளைய நான் பிடிச்சிட்டேம்மா, அவளத்தான் பிடிக்க முடியல” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

6. அந்நேரம் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேன் வந்தது. உள்ளே இருந்த பெண்கள் யாரும் சொல்லாமலே இறங்கி, சீட்டில் துணி விரித்து பானுப்பிரியாவைப் படுக்க வைத்தார்கள். வேன் சிவகாசி மருத்துவமனைக்குப் போனது. அவர்கள் வேலைக்கு நடந்தே போனார்கள். உரிய நேரத்தில் சேர்த்ததால் உயிர் பிழைத்தார்.

7. மறுநாள் பார்க்கச் சென்றேன். மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று நான் கேட்கவில்லை; அவரே சொன்னார். “மாத்திரையா பாலான்னு ஆயிப்போச்சுக்கா. எனக்கு வலிப்பு வந்தா வந்துட்டுப் போகுது, பிள்ளை பட்டினி கெடக்கப்பிடாதுன்னு நெனச்சேன். உங்ககிட்டச் சொன்னா வைவீக.” கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்தவர், சொல்லாமல் மறைத்ததற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

8. அந்த வாரச் சனிக்கிழமை மதுரைக்குச் சென்று மருத்துவக் கல்லூரி நூலகத்தில் அனுமதி பெற்று நாள் முழுதும் தேடினேன். ஒவ்வொரு நூலிலும் முதலில் ஆண்டைப் பார்த்தேன், பிறகு வெளியிட்டவர் யார் என்று பார்த்தேன். அண்மைப் பதிப்பு மருந்து நூல்கள் இரண்டும், பாலூட்டும் தாய்மார்களுக்கென உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மருந்துப் பட்டியலும் ஒன்றையே சொல்லின: ஃபெனிடாயின் தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே கலக்கிறது, குழந்தையைக் கவனித்துக்கொண்டு தாராளமாகப் பாலூட்டலாம், மாத்திரையைத் திடீரென நிறுத்துவதுதான் ஆபத்து.

9. துண்டறிக்கையையும் கையில் கொண்டு போயிருந்தேன். அதன் அடியில் பொடி எழுத்தில் ஆதாரமாக ஒரு கட்டுரை குறிக்கப்பட்டிருந்தது. நூலகர் அதைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அந்தக் கட்டுரையில் தாய்ப்பாலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. துண்டறிக்கையின் மறுபக்கத்தை அன்றுதான் முழுதாகப் படித்தேன். பழைய மாத்திரைக்குப் பதிலாக வந்துள்ள புதிய மாத்திரை ஒன்றின் விளம்பரம் அது. பழையதைக் குறை சொன்னவர்களே புதியதை விற்பவர்கள். மூன்று மாதமாக என் கண்ணெதிரே இருந்தும் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

10. எங்கள் மருத்துவர் புகழேந்தி அவர்களிடம் நகல்களைக் காட்டி உறுதி செய்துகொண்டு, திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். “ரெண்டும் சேரும் பானு, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றேன்.  அவர், “பிள்ளையக் கொஞ்சம் வச்சிருங்கக்கா, கை வலிக்குது” என்று சினேகாவை என் மடியில் விட்டார். அச்சகத்தில் வேலை பார்க்கும் அவர் கணவர் பாண்டிராஜ் துண்டறிக்கையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “நல்ல பேப்பர், நல்ல கலர். ஆனா நாங்க எது குடுத்தாலும் அடிப்போம்க்கா. நெசமா பொய்யான்னு மெஷினுக்குத் தெரியாதுல்ல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பாரமாக இருந்தது.

11. பானுப்பிரியா இப்போது மாத்திரையும் சாப்பிடுகிறார், பாலும் கொடுக்கிறார். ஜூனுக்குப் பிறகு வலிப்பு வரவில்லை. குழந்தை நல்ல எடையில் இருக்கிறது. வலது கையின் இரண்டு விரல்கள் மட்டும் முழுதாக மடங்கவில்லை. இந்த மனுவை அவரிடம் வாசித்துக் காட்டியே அனுப்புகிறேன். “உங்க மேல தப்புன்னு எழுதாதீகக்கா” என்றார். எழுதாமல் இருக்க முடியவில்லை.

12. எனவே கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், எந்த நிறுவனத்தின் விளம்பரமும் கலவாத மருந்துக் கையேடு ஒன்றை ஆண்டுதோறும் புதுப்பித்து வழங்க வேண்டும். சந்தேகம் எழுந்தால் அலுவலக நேரத்தில் கேட்டுத் தெளிய, மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையிலிருந்து ஒரு தொலைபேசி எண் வேண்டும். நிறுவனத் துண்டறிக்கைகளை மருந்து கொடுக்கும் மேசையில் வைக்கக் கூடாது என ஆணையிட வேண்டும். இன்னொன்றும் உண்டு, அதற்கு நிதி தேவையில்லை. “எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்” என்று நோயாளியிடம் சொல்வது குற்றமாகாது எனச் செவிலியருக்கும் மருந்தாளுநருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

13. என்னிடம் விளக்கம் கோரினால் எழுதித் தரவும், நடவடிக்கை எடுத்தால் ஏற்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

14. இதற்கு அவசரம் உண்டு என்பதால் ஒன்று சொல்லி முடிக்கிறேன். கடந்த வியாழக்கிழமை தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் ஒரு பெண் வந்தார். ஐந்து மாதக் கர்ப்பிணி. தைராய்டு குறைபாட்டுக்கான மாத்திரையைத் தொடரலாமா, பிள்ளைக்கு ஏதும் ஆகுமா என்று கேட்டார். மருத்துவர் அன்று பயிற்சிக்குப் போயிருந்தார். நிறுத்திவிடாதே, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். நேற்று முன்தினம் சனிக்கிழமை மதுரைக்குப் போய்ப் படித்து வந்துவிட்டேன். தொடர வேண்டும் என்ற, அவருக்கான பதில் என்னிடம் இருக்கிறது. ஆனால் அவர் கேட்ட அதே நாளில், இம்மாவட்டத்தின் வேறு எத்தனை ஜன்னல்களில் எத்தனை பெண்கள் கேட்டிருப்பார்கள், அவர்களுக்கு யார் எதைப் பார்த்துப் பதில் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்காகத் தங்கள் கருணையை வேண்டி நிற்கிறேன்.

இணைப்பு: துண்டறிக்கையின் இரு பக்க நகல், நூலகக் குறிப்புகளின் நகல்.

இடம்: கீழப்பொட்டல்
நாள்: 24.09.2007

தங்கள் உண்மையுள்ள,
ச. பொன்னுத்தங்கம்